பிழைப்பவர் யார்? கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் புற்றுநோயும் ‘வாழ்க்கைமுறை’ என்ற சொல்லும்

அரசு மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் புற்றுநோய் விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் அனைத்தும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன: புகைக்காதீர், குடிக்காதீர், காய்கறியும் பழமும் உண்ணுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள். இவற்றுள் ஒன்றுகூடத் தவறான அறிவுரை அன்று. ஆனால் இந்தச் சுவரொட்டியைக் கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டிலோ ஈச்சங்காட்டிலோ கொண்டுபோய் ஒட்டினால் அதன் பொருள் மாறிவிடுகிறது. அங்கு வசிப்பவர் தமது வாழ்க்கைமுறையை நோய்க்கு இடமின்றி மாற்றிக்கொள்ள விரும்பினால், முதலில் மூச்சுவிடுவதை அல்லவா நிறுத்த வேண்டியிருக்கும்!

நாம் மிகைப்படுத்தவில்லை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டுக்கொண்டதன் பேரில் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) கடலூர் சிப்காட் பகுதியின் காற்றை ஆராய்ந்தது. அங்கு வாழ்வோருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் இடர் குறைந்தது 2000 மடங்கு கூடுதல் என்ற அதன் முடிவு 2008இல் செய்தித்தாள்களில் வெளிவந்தது. அன்று முதல் இந்த 2000 என்னும் எண் நம் மேடைகளில் திரும்பத் திரும்ப ஒலித்துவருகிறது. அதைச் சரியாகப் புரிந்துகொண்டு பயன்படுத்துவது நமக்கே நல்லது. அது நோயாளிகளின் தலைகளை எண்ணிப் பெற்ற கணக்கு அன்று. காற்றில் கலந்திருந்த நச்சு வாயுக்களின் அளவிலிருந்து கணிக்கப்பட்ட இடர். இத்தகைய கணிப்புகளில் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்பதே வழக்கமாக ஏற்கத்தக்க இடராகக் கொள்ளப்படுகிறது. அந்த அளவுகோலின்படி 2000 மடங்கு என்பது ஆயிரம் பேருக்கு இருவர். இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு புற்றுநோய் வரக்கூடும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதிப்பீடு. அதை 2000ஆல் பெருக்க இயலாது என்பது கணக்கு அறிந்த எவருக்கும் விளங்கும். ஆலைகளின் பக்கம் நிற்பவர்கள் இந்த இடத்தில்தான் நம்மை மடக்கப் பார்ப்பார்கள். ஆனால் ஆயிரத்துக்கு இருவர் என்பதும் சிறிய தொகை அன்று. புகைபிடிக்காமலும் குடிக்காமலும் வாழ்ந்தாலும் அவர்களால் தவிர்க்க முடியாதபடி, அடுத்தவரின் இலாபத்துக்காகச் சுமத்தப்பட்ட கூடுதல் மரணம் அது.

அரசு நிறுவனம் சொல்வதற்கு முன்னரே ஊர் மக்கள் இதைச் சொல்லிவிட்டார்கள் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். 2004இல் சிப்காட் சுற்றுவட்டாரக் கிராமத்தினரே வாளிகளில் காற்று மாதிரிகளைப் பிடித்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் அதில் இருப்பதை வெளிக்கொணர்ந்தார்கள். எந்த நேரத்தில் எந்த வாடை, எந்தத் திசையிலிருந்து வீசியது என நாள்தோறும் குறித்துவைத்தார்கள். உப்பனாற்றில் மீன் பிடித்தவர்களும் சுற்றியிருந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்களும் சேர்த்த அறிவு அது. இத்தனைக்குப் பின்னும் நிலைமை சீராகவில்லை. 2025 மே மாதத்தில் குடிகாட்டில் ஒரு சாயத் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, கழிவுநீர் வீடுகளுக்குள் புகுந்தது.

இதுவரை சொன்னது நோய் வருவதைப் பற்றி. நோய் வந்தபின் பிழைப்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான், நோயாளியைப் பார்த்து ‘இது நீ தேடிக்கொண்டது’ என்று சொல்லும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஒருவருக்கு நோய் வந்ததற்கான காரணமும் அவர் பிழைக்காமல் போனதற்கான காரணமும் ஒன்றாகவே இருக்க வேண்டிய தேவை இல்லை.

மருத்துவர்கள் ‘ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம்’ என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். நோய் கண்டறியப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே அதன் சாரம். 2018இல் லான்செட் இதழில் வெளிவந்த உலகளாவிய ஒப்பீட்டின்படி, 2010 முதல் 2014 வரை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் அமெரிக்காவில் நூற்றுக்கு 90 பேரும் இந்தியாவில் 66 பேரும் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தனர். இந்த 24 பேர் இடைவெளியை வாழ்க்கைமுறையைக் கொண்டு விளக்க முடியுமா? அமெரிக்கர்கள் நம்மைவிட அதிகம் நடப்பவர்களும் அல்லர், அளவாக உண்பவர்களும் அல்லர். நோய் எந்தக் கட்டத்தில் கண்டறியப்படுகிறது, தொடங்கிய சிகிச்சை முடிக்கப்படுகிறதா, தேவையான மருந்தும் கருவியும் எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்ற மூன்றுமே அந்த இடைவெளியைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

முதலில் கட்டத்தைப் பார்ப்போம். இதற்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைவிடத் தெளிவான சான்று வேறில்லை. முதற்கட்டத்தில் கண்டறியப்பட்டால் நூறு பெண்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டு கடந்து வாழ்கிறார்கள். நான்காம் கட்டத்தில் வருவோரில் இருபது பேர் வாழ்வதே அரிது. இந்நோயை உண்டாக்குவது ஹெச்.பி.வி. எனப்படும் வைரஸ். அதை நிறுவிய ஜெர்மானிய அறிவியலாளர் ஹெரால்டு சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பாலுறவின் வழி பரவும் இந்த வைரஸ் பெரும்பாலானோருக்கு வாழ்வில் ஒருமுறையேனும் தொற்றிப் பெரும்பாலும் தானே நீங்கிவிடுகிறது. நீங்காமல் தங்கும்போது பத்து இருபது ஆண்டுகளில் புற்றாக மாறக்கூடும். ஆயினும் நம் மருத்துவப் பாடங்களிலும் விழிப்புணர்வுப் பேச்சுகளிலும் ‘அந்தரங்கச் சுத்தக் குறைவு’ என்ற காரணம் இன்னும் உலவுகிறது. சேரிப் பெண்ணின் உடலைச் சுத்தமற்றது என்று சொல்லிப் பழகிய சமூகத்தில் இச்சொல் யாரைச் சுட்டும் என்று விளக்க வேண்டியதில்லை. இந்த அவமானத்துக்கு அஞ்சியே, வெள்ளைப்படுதலையும் இடையில் தோன்றும் இரத்தப்போக்கையும் பெண்கள் மாதக்கணக்கில் மறைத்துவைக்கிறார்கள். கட்டம் ஒன்று கட்டம் மூன்றாக மாறுவது இந்த மாதங்களில்தான்.

இந்நோயை முன்கூட்டியே பிடிக்கும் வழி நம் மண்ணிலேயே நிறுவப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெண்மையாக மாறும் இடங்களைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். தேவைப்பட்டோருக்கு அப்போதே குளிர்முறைச் சிகிச்சை அளிக்கப்பட்டது. விலை உயர்ந்த கருவியோ ஆய்வகமோ தேவைப்படவில்லை. ஒரே ஒருமுறை நடந்த அச்சோதனையால் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 விழுக்காடு குறைந்தன என்று 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. ஒப்பீட்டுக்காகச் சோதனையே செய்யாமல் விடப்பட்ட சுமார் 31,000 பெண்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. அது அறம்தானா என்ற விவாதம் பின்னர் பன்னாட்டு அளவில் எழுந்தது. நம் பார்வையில் அவ்வறிவுக்கான விலையை அப்பெண்கள் கொடுத்துவிட்டார்கள். அந்த அறிவைப் பயன்படுத்தாமல் வைத்திருக்க அரசுக்கு உரிமையில்லை.

பயன்படுத்தப்படுகிறதா? ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனை உண்டு, இலவசமும்கூட. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் என்றேனும் ஒருமுறை இச்சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 விழுக்காட்டினரே. இந்திய அளவான 1.9 விழுக்காட்டோடு ஒப்பிட்டுப் பெருமை கொள்வோர் கொள்ளட்டும். பத்தில் ஒன்பது பெண்கள் விடுபட்டிருக்கிறார்கள் என்பதே நாம் காண்பது.

அடுத்தது சிகிச்சையை முடிப்பது. கருப்பைவாய்ப் புற்று முற்றிய கட்டத்தில் அறுவை சிகிச்சையைவிடக் கதிர்வீச்சே முதன்மையானது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரங்கள் வெளிக்கதிர்வீச்சு, உடன் வாரம் ஒருமுறை மருந்தேற்றம், அதன்பின் உட்கதிர்வீச்சு என்று எட்டு வாரங்களுக்குள் அனைத்தும் முடிய வேண்டும். அதற்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பை அரை முதல் ஒரு விழுக்காடு குறைக்கிறது என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் ஒரு பெண்ணின் நிலையில் இதை வைத்துப் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பப்பட்டால் ஊரிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து கடலூர் வழியாகப் புதுச்சேரி என்று போக மட்டும் தொண்ணூறு கிலோமீட்டர் அளவில் பயணம். கதிர்வீச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடும். நாள் முழுவதும் பேருந்திலும் வரிசையிலும் கழியும். கூடவே ஒருவர் வர வேண்டும். ஆக இரண்டு கூலி போய்விடுகிறது. அருகில் அறை எடுத்துத் தங்கினால் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சேர்கின்றன. மூன்றாம் வாரத்தில் இரத்தப்போக்கு நின்று, உடம்பு தேவலாம் என்று தோன்றும் வேளையில் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். சிகிச்சைக் குறிப்பேட்டில் இதற்குப் பெயர் ‘இடைநிறுத்தம்’. மருத்துவர் வாயில் சில வேளைகளில் இதற்குப் ‘பொறுப்பின்மை’ என்று பெயர்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்தேற்றம் ஆகியவற்றுக்குக் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் இதில் சேரலாம். இத்திட்டத்தால் பிழைத்தவர்கள் பலர். அதைக் குறைத்துச் சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் இழந்த கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் உடன் வருபவரின் சோற்றையும் இத்திட்டம் கொடுப்பதில்லை. சிகிச்சை இடையில் நின்றுபோவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகளால்தான்.

சாதி இதில் எங்கே வருகிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஏழை எவருக்கும் இதே நிலைதானே என்பது அவர்கள் வாதம். ஓரளவு உண்மை. ஆயினும் இந்தியாவின் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த ‘கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை’ பற்றிய நூல், மூன்றில் ஒரு கிராமத்தில் அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்ததைப் பதிவுசெய்தது. தலித் பெண்களின் சராசரி மரண வயது ஆதிக்கச் சாதிப் பெண்களுடையதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் சுட்டிக்காட்டியது. வீட்டுக்கு வராத செவிலியர் சோதனைக்கும் அழைக்கமாட்டார், கட்டியைக் கண்டுபிடிக்கவும்மாட்டார். கடலூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் இவ்விகிதம் மிகுந்த மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் இங்கு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றோரில் தலித்துகள் எத்தனை பேர், அவர்களுள் ஐந்தாண்டு கடந்தவர் எத்தனை பேர் என்ற விவரத்தைப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கைகளில் தேடினால் கிடைக்காது. சாதிவாரியாக உயிர்வாழ்வை அவை வெளியிடுவதில்லை. வேலைவாய்ப்பில் பின்னடைவுப் பணியிடங்களை எண்ணச் சொல்லிப் போராடும் நாம், மரணத்தை எண்ணச் சொல்லி இதுவரை உரக்கக் கேட்கவில்லை.

இனி வாழ்க்கைமுறைக்கு வருவோம். அதை நாம் ஒதுக்கித்தள்ளவில்லை. புகையிலை கொல்கிறது என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. பாக்குகூடத் தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. மதுவையும் அது முதல் வகைப் புற்றுக்காரணியாகவே வைத்திருக்கிறது. நோய் கண்டறியப்பட்ட பின்னர் புகையிலையை விட்டாலும் பயன் உண்டு. கதிர்வீச்சு நன்கு வேலை செய்கிறது, இரண்டாவது புற்று வரும் வாய்ப்புக் குறைகிறது. ‘வந்தபின் விட்டு என்ன’ என்பது பிழையான எண்ணம். ஆனால் பசியை அடக்கவும் குனிந்த முதுகின் வலியை மறக்கவும் புகையிலையை அதக்கும் நடவுப் பெண்ணின் பழக்கத்தையும், ஓய்வு நேரத்தில் ஒருவர் தேர்ந்தெடுக்கும் பொழுதுபோக்கையும் ஒரே சொல்லால் ‘தேர்வு’ என்று குறிப்பது நேர்மையன்று. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் அரசே குடிக்காதீர் என்று சுவரொட்டி ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

உடற்பயிற்சி பற்றி அண்மையில் ஒரு முக்கியச் சான்று கிடைத்திருக்கிறது. பெருங்குடல் புற்றுக்கு அறுவையும் மருந்தேற்றமும் முடித்த 889 பேரிடம் கனடாவும் ஆஸ்திரேலியாவும் முன்னின்று நடத்திய ஆய்வு 2025இல் வெளியானது. மூன்றாண்டுகள் முறையான உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் எட்டாண்டு கடந்து வாழ்ந்தோர் 90 விழுக்காடு; அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 83 விழுக்காடு. பெரிய செய்திதான். ஆனால் இரு பிரிவினரும் முழுச் சிகிச்சையை முடித்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்சி அச்சிகிச்சையின் மேல் கட்டப்பட்ட மாடி, அடித்தளம் அன்று. அடித்தளத்தை விட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அமெரிக்க ஆய்வு ஒன்று 2018இல் காட்டியது. குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருந்தும், மருத்துவத்தை மறுத்து மாற்று வழிகளை மட்டுமே நாடியவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். மூலிகைப் பொடியையும் ‘புற்றைக் கரைக்கும்’ கசாயத்தையும் கைப்பேசிக் காணொளிகளில் விற்பவர்கள் நம் ஊர்களில் பெருகியிருக்கும் இக்காலத்தில் இந்த எண்ணைப் பரப்புவது ஒரு களப்பணியே ஆகும்.

உணவு பற்றி ஒரு சொல். புற்றுநோய் என்றதும் கறியை நிறுத்து என்று சொல்லும் வழக்கம் பரவியுள்ளது. பதப்படுத்திய இறைச்சி குடல்புற்றுக்குக் காரணி என்பதும், சிவப்பு இறைச்சி அநேகமாகக் காரணியாகலாம் என்பதும் 2015இல் வந்த அறிவிப்பு. அது நோய் வரும் வாய்ப்பையும் உண்ணும் அளவையும் பற்றியது. மருந்தேற்றத்தில் இருக்கும் ஏழை நோயாளியின் உடனடிச் சிக்கல் எடை குறைவதும் புரதம் போதாமையும்தான். முட்டையும் மீனும் மாட்டுக்கறியும் அவருக்கு எட்டும் விலையில் கிடைக்கும் புரதங்கள். மருத்துவர் தடுக்காத வரையில், நன்கு வேகவைத்த கறியை அவரிடமிருந்து பிடுங்குவது சாதிச் சுத்தத்தை மருத்துவ மொழியில் பேசுவதேயன்றி வேறில்லை.

சிகிச்சை என்றாலே கோடிகள் என்ற மலைப்பும் தேவையில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, மார்பக அறுவைக்குச் சற்றுமுன் கட்டியைச் சுற்றிச் சாதாரண மரப்பூசியைச் செலுத்துவதால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 86இலிருந்து 90 விழுக்காடாக உயர்வதை 2023இல் வெளியிட்டது. பல லட்சம் ரூபாய் விலைகொண்ட நோய் எதிர்ப்பு மருந்தொன்றின் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தே, முற்றிய வாய், தொண்டைப் புற்று நோயாளிகளில் ஓராண்டு வாழ்ந்தோரை 16இலிருந்து 43 விழுக்காடாக உயர்த்தியதையும் அதற்கு முந்தைய ஆண்டு அதே மருத்துவமனை காட்டியது. வாய்ப்புற்றில் அதற்கும் முன்னே செல்ல முடியும்: திருவனந்தபுரத்தில் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதற்குத் தேவைப்பட்டவை ஒரு டார்ச்சு விளக்கும் பயிற்சி பெற்ற ஒரு பணியாளரும்தான்.

இங்கேதான் சிதம்பரத்தின் மீது நம் பார்வை திரும்புகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1985இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரி, 2013இல் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்றபின்னும் தனியார் அளவுக் கட்டணத்தையே வாங்கிவந்தது. மாணவர்கள் 2020 டிசம்பரில் தொடங்கி வாரக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் பயனாக, 2021இல் அது சுகாதாரத் துறையின்கீழ்க் கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. அப்போராட்டத்தைக் கட்டணப் போராட்டமாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். உண்மையில் மாவட்டத்துக்கென ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பெற்றுத்தந்த போராட்டம் அது. அங்கு முழுமையான புற்றுநோய்ச் சிகிச்சையும், நோயாளியும் துணைவரும் தங்க இலவச விடுதியும், சிகிச்சைக் காலத்துக்கு நாட்கூலிக்கு ஈடான தொகையும் கேட்பது அதன் இயல்பான தொடர்ச்சி. சிப்காட்டைச் சுற்றிய ஊர்களுக்குத் தனிப் புற்றுநோய்ப் பதிவேடும், ஆலைகளின் செலவில் ஆண்டுதோறும் சோதனையும் வேண்டும். ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் 2023இல் அரசு புற்றுநோய்ச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, 2000 மடங்கு என்று அரசு நிறுவனமே கணித்த கடலூர் அந்தப் பட்டியலில் இல்லை.

2025–26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமியர்க்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி அறிவிக்கப்பட்டது. இதை நாம் வரவேற்கிறோம். 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர்க்குப் பெற்றோரின் முறையான ஒப்புதல் இன்றி இதே வகைத் தடுப்பூசி போடப்பட்டதையும், நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கண்டித்ததையும் நாம் மறக்கவில்லை. தடுப்பூசி பாதுகாப்பானது என்பதும், ஒப்புதல் கட்டாயம் என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் அது போடப்படும்போது, காப்பாளரின் கையெழுத்தைப் பெற்றோரின் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தக் கோரிக்கைகள் நிறைவேறும்வரை காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், மார்பில் வலியற்ற கட்டி, மாதவிலக்கு நின்றபின் வரும் இரத்தம் இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். காப்பீட்டு அட்டைக்கான வருமானச் சான்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கு இரயிலில் தூங்கும் வசதி வகுப்பில் கட்டணமே இல்லை. துணைவருக்குச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் சிகிச்சை தரும் மருத்துவரின் கையொப்பமும் மருத்துவமனை முத்திரையும் இருந்தால் சிதம்பரம் நிலையத்தில் பயணச்சீட்டுப் பெறலாம். அப்படிவத்தை மருத்துவர்கள் தாமாக நீட்டுவது அரிது. கேட்டு வாங்க வேண்டும்.